இலையும் இறகும்



மயிலுக்குத் தோகை உண்டு. கரும்புக்கும் தோகை உண்டு. ஒன்று பறவையின் இறகு; மற்றொன்று பயிரின் இலை. இரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்கிய நம் முன்னோர், இலையில் இறகின் சாயலைக் கண்டவர்கள் என்பதில் ஐயமில்லை. மேலை நாட்டுத் தாவர நூலாரும் அவ்வாறே கண்டனர். வேம்பு, புளி முதலியவற்றின் இலையை அவர்கள் ‘பின்னேட்’ என்னும் சொல்லால் வழங்குவர். இறகைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. நீங்கள் நாள்தோறும் கையிற் பிடிக்கும் பேனாவும் அக்குடும்பத்துச் சொல்லே. இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்தின் நினைவாக, போர்ச்சுக்கீசியர் வாயிலாக அது தமிழுக்கு வந்து சேர்ந்தது.

இறகைப் போன்ற இலைகளைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் உரையாட விரும்புகிறேன். இப்பொருளை நான் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

நான் கணிதம் பயின்று, ஆசிரியப் பயிற்சி பெற்று, ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பணியிற் சேர்ந்த புதிது. 1984 ஆம் ஆண்டு என்று நினைவு. அறிவியல் ஆசிரியர் இல்லாமையால் ஆறாம் வகுப்பிற்கு அப்பாடத்தையும் நானே நடத்த நேர்ந்தது. ஆளுக்கொரு வேப்பிலை பறித்து வந்து ஏட்டில் ஒட்டி, அதன் உறுப்புகளைக் குறிக்குமாறு கூறினேன். மறுநாள் எல்லாரும் விரல் நீளமுள்ள, ஓரம் அரிந்த சிறிய இலை ஒன்றைக் கொண்டு வந்தனர். ஒரு சிறுவன் மட்டும் சாண் நீளத்திற்கு மேற்பட்ட காம்பில், இரு புறமும் பத்துப் பன்னிரண்டு இலைகள் வரிசையாக அமைந்த ஒன்றை ஏந்தி நின்றான்.

“ஓர் இலை கேட்டால் ஒரு கொத்தையே ஒடித்து வந்திருக்கிறாயே!” என்றேன். வகுப்பு சிரித்தது.

“ஐயா, இது முழுதும் ஓர் இலைதான். துளிர் இதன் அடியிலேதான் வருகிறது. இந்தச் சின்ன இலைகளின் அடியில் ஒரு நாளும் வருவதில்லை” என்றான் அவன்.

அவன் வீட்டில் ஆடுகள் இருந்தன. நாள்தோறும் வேப்பங்குழை ஒடிப்பவன் அவன். எங்கே ஒடித்தால் எங்கே தழைக்கும் என்பதைக் கண்ணாற் கண்டவன். நானோ, “எதிர்த்துப் பேசாதே, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான்.

அன்று மாலை மேல்வகுப்புத் தாவரவியல் நூலைப் புரட்டினேன். சிறுவன் சொன்னதே சரி என்று அச்சிட்டிருந்தது. அதன் பிறகு நான் செய்ததுதான் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. மறுநாள் வகுப்பில், “நேற்று நான் தவறினேன், அவன் சொன்னதே உண்மை” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, எல்லாம் நானே அறிந்தவன் போலப் பாடத்தைத் திருத்தி நடத்தினேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான்; ஒன்றும் பேசவில்லை. அவ்வாண்டு இறுதியில் அவன் குடும்பம் பிழைப்புத் தேடி வேற்றூர் சென்றது. மாணவன் கூறுவதைச் செவிமடுத்தல் ஆசிரியனின் முதற் கடமை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான்! ஆனால் அப்பாடத்தை உண்மையிற் கற்றது அன்றுதான்.

இனி, அச்சிறுவன் கண்ட உண்மையைப் பார்ப்போம். இலை தண்டோடு சேரும் இடத்தில், மேற்புறத்து மூலையில், ஒரு சிறு மொட்டு இருக்கும். இதனைக் கோணமொட்டு என்பர். கிளையாகவோ பூவாகவோ வளரும் ஆற்றல் இம்மொட்டிற்கு உண்டு. மொட்டு எதன் அடியில் இருக்கிறதோ, அதுவே ஓர் இலை. வேம்பில் இம்மொட்டு நீண்ட காம்பின் அடியில் காணப்படும். அக்காம்பின் இருமருங்கும் உள்ள சிறியவற்றின் அடியில் காணப்படாது. ஆகவே அச்சிறியவை இலைகள் அல்ல, ஓர் இலையின் கூறுகள். அவற்றைச் சிற்றிலைகள் என்றும், முழுவதையும் கூட்டிலை என்றும் கூறுவர். சிற்றிலைகள் இறகின் இழைகளைப் போல நடுக்காம்பின் இரு பக்கமும் நின்றால், அது இறகுவடிவக் கூட்டிலை. நொச்சி, இலவு ஆகியவற்றில் உள்ளதுபோல் ஒரே இடத்தினின்று விரல்களைப் போல விரிந்தால், அது கைவடிவக் கூட்டிலை.

இறகுவடிவத்திலும் வகைகள் உண்டு. கறிவேப்பிலையின் நுனியில் ஒற்றைச் சிற்றிலை ஒன்று முடிபோல் நிற்கும். புளியிலோ சிற்றிலைகள் 10 முதல் 20 இணை வரை எதிரெதிராக அமைந்து, நுனியில் ஒற்றையின்றி இணையாகவே முடியும். குல்மோகர் எனப்படும் செம்மயிற்கொன்றையில் நடுக்காம்பு கிளைக்காம்புகளாகப் பிரிந்து, அக்கிளைக்காம்புகளே சிற்றிலைகளைத் தாங்கும். இறகினுள் இறகு! கருவேலும் வாகையும் இவ்வகையினவே. முருங்கை இன்னும் ஒரு படி மேலே சென்று மும்முறை பிரியும். நாம் முருங்கைக்கீரை என்று உருவி எடுப்பவை யாவும் சிற்றிலைகள். முருங்கைக் கொத்தை இரவில் துணியிற் சுற்றி வைத்தால், காலையில் அவை தாமே கழன்று கிடப்பதை உங்கள் அன்னையர் அறிவர். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் ஒரு கணு அமைந்து, அங்கே அது எளிதிற் பிரிவதே காரணம்.

இறகு வடிவத்தை அடைய இயற்கைக்கு ஒரே வழிதான் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். வேம்பு முதலியவற்றில், இலை மிகச் சிறிய முகிழாக இருக்கும்போதே அதன் விளிம்பில் புடைப்புகள் தோன்றி, ஒவ்வொன்றும் ஒரு சிற்றிலையாக வளர்கிறது. தண்டின் வளர்நுனியில் வேலை செய்யும் சில மரபணுக்கள், கூட்டிலை உடைய பல செடிகளில் இளம் இலையிலும் மீண்டும் வேலை செய்கின்றன என்று இக்கால ஆய்வாளர் கண்டுள்ளனர்.

தென்னையின் வழி வேறு. அதன் ஓலை முதலில் விசிறிபோல் மடிப்பு மடிப்பாக உள்ள ஒரே தகடாகத் தோன்றிப் பின்னர் மடிப்பு வழியே பிளவுபடுகிறது. முளைவிட்ட தென்னம்பிள்ளையைப் பாருங்கள். முதலில் வரும் ஓலைகள் பிளவின்றி முழுமையாக இருக்கும். பின்னர் வருபவையே கீற்றுகளாகப் பிரியும். வளர்ந்த மரத்தின் ஓலை ஒன்று 5 அல்லது 6 மீட்டர் நீளமும் 200க்கு மேற்பட்ட சிற்றிலைகளும் உடையது. அச்சிற்றிலையின் நடு நரம்பே நாம் துடைப்பம் கட்டும் ஈர்க்கு. பனையோ விசிறி வடிவிலேயே நின்றுவிடுகிறது. தென்னை இறகு, பனை கை என்று நினைவிற் கொள்க. இங்கே ஒன்று கூறவேண்டும். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் பகுக்கிறது. ஓலை, மடல் முதலிய பெயர்களைப் புல்லினத்திற்கும், இலை, தளிர் முதலியவற்றை மரத்திற்கும் அது உரியனவாக்குகிறது. தென்னையையும் பனையையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களாகக் கொள்ளும் இன்றைய பாகுபாட்டோடு இது பெரிதும் ஒத்துச் செல்வது வியப்பிற்குரியது.

மூன்றாவது வழி வாழையின் வழி. வாழையிலை பிறக்கும்போது முழுத்தகடு. நரம்புகள் நடுத்தண்டினின்று விளிம்பை நோக்கி ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. காற்று வீசும்போது இலை அந்நரம்புகளின் இடையே கிழிந்து இறகுபோல் ஆகிவிடுகிறது. நமக்கு விருந்திற்கு உதவாத அவ்விலை, வாழைக்கு நன்றாகவே உதவுகிறது. கிழிந்த பகுதிகள் பசுமை மாறாமல் உணவு சமைத்துக்கொண்டேயிருக்கும். வேம்பு பிறவியிலேயே பெற்றதையும், தென்னை வளரும்போது பெறுவதையும், வாழை காற்றினிடம் பெறுகிறது.

இவ்வாறு பிரிவதனால் பயன் யாது? முதலாவது, காற்று. விரிந்த ஒரே தகடு பாய்மரம்போல் காற்றைத் தாங்கிக் கிளையை இழுக்கும். சிற்றிலைகளோ காற்றின் போக்கில் மடிந்து ஒருங்கு சேர்ந்து அதற்கு வழிவிடும். ஆயினும் இவ்வமைப்பிற்கும் ஓர் எல்லை உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜாப் புயலில் தஞ்சை, நாகை மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததை நாம் கண்டோம். இயற்கையின் அமைப்பு ஆபத்தைக் குறைக்கும், அடியோடு அகற்றிவிடாது.

இரண்டாவது, வெப்பம். பெரிய தகட்டின் மேல் அசைவற்ற காற்றுப்படலம் தடித்து நிற்பதால் கடும் வெயிலில் அது மிகச் சூடேறும். சிறிய தகட்டின் மேல் அப்படலம் மெல்லியது. ஆதலால் சூடு விரைவில் வெளியேறும். வறண்ட வெளிகளில் நிற்கும் கருவேலின் சிற்றிலைகள் அரிசியினும் சிறியனவாயிருப்பதன் பயனை இதனால் உணரலாம். மூன்றாவது, சேதம். புழு ஒரு சிற்றிலையைத் தின்றால் மற்றவை தம் பணியைத் தொடரும்.

நான்காவதாக ஓர் ஆற்றலும் இவற்றுட் பலவற்றிற்கு உண்டு. அது அசைவு. மாலை மயங்கியதும் புளியமரத்தைப் பாருங்கள். எதிரெதிர்ச் சிற்றிலைகள் கைகூப்புவதுபோல் ஒன்றோடொன்று சேர்ந்து கொள்ளும். தூங்குமூஞ்சி மரத்திற்கு அப்பெயர் வந்ததும் இதனாலேயே. சிற்றிலையின் அடியில் ஒரு சிறு திரட்சி உண்டு. அதன் ஒரு பக்கத்து உயிரணுக்கள் நீரை இழந்து தளர, மறுபக்கத்தவை நீரை ஏற்று விம்ம, சிற்றிலை மடிகிறது. தசையும் எலும்பும் இன்றி நீரால் நிகழும் அசைவு இது.

1729 ஆம் ஆண்டில் தெ மேரான் என்னும் பிரெஞ்சு அறிஞர், பகலில் விரிந்து இரவில் மூடும் தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடி, முழு இருளில் வைக்கப்பட்டபோதும் பகற்பொழுதில் விரிந்ததைப் பதிவு செய்தார். ஒளியைக் காணாமலே பொழுதை அறிந்தது அச்செடி! உயிர்களுக்குள் ஒரு காலக்கணக்கு உண்டு என்னும் பிற்கால உண்மைக்கு அதுவே முதல் வித்து. சார்லஸ் டார்வின், தம் மகன் பிரான்சிஸின் துணையோடு எழுதி 1880 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இரவில் மூடவிடாமல் தடுக்கப்பட்ட இலைகள் குளிரால் மிகுதியும் கெட்டதைக் காட்டினார். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், தாமே வடிவமைத்த நுண்கருவிகளால் தொட்டாற்சுருங்கியின் அசைவை அளந்து, தொடுகையின் செய்தி செடிக்குள் மின் அதிர்வாய்ப் பரவுகிறது என்று வற்புறுத்தினார். அவரை ஐயுற்றோர் அக்காலத்திற் பலர். 2022 ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர், அம்மின் அலையோடு கால்சியம் அலையும் சேர்ந்து செல்வதையும், அசையமாட்டாதபடி செய்யப்பட்ட செடிகளைப் பூச்சிகள் மிகுதியாகத் தின்பதையும் கண்டறிந்தனர். தொட்டால் சுருங்குவது நாணத்தால் அன்று, உயிரைக் காத்துக்கொள்வதற்கே என்பது இதனால் தெளிவாகிறது.

இறகுவடிவ இலை உலகில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மலைச்சாரலின் ஈரநிலத்தில் வளரும் பெரணிகளைப் பாருங்கள். சுருண்ட இளந்தளிர் விரிந்து இறகாகிறது. தாவர நூலார் பெரணியினத்திற்கு இட்ட கிரேக்கப் பெயரும் இறகைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையதே. சென்னையை அடுத்த திருப்பெரும்புதூர்ப் பகுதியின் பாறைப் படிவங்களில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இலைகளின் பதிவுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றின் பெயர் டிலோஃபில்லம். இறகிலை என்பதே அதன் பொருள். இதே இனத்து இலைகள் கிழக்கிந்தியாவின் ராஜ்மகால் குன்றுகளிலும் உண்டு. அங்கே தனித்தனியே கிடைத்த தண்டு, இலை, பூ ஆகியவை ஒரே செடியின் உறுப்புகள் என்று 1932 ஆம் ஆண்டில் பொருத்திக் காட்டினார் பீர்பால் சாஹ்னி. அச்செடிக்குத் தம் ஆசிரியர் சீவார்டின் பெயரை இட்டுப் பெருமை செய்தார். அவர் கண்ட கனவாகிய தொல்தாவர ஆய்வு நிலையத்திற்கு 1949 ஏப்ரல் 3 அன்று லக்னோவில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 10 அன்று, அவர் காலமானார். அந்நிலையம் அவர் பெயரால் இன்றும் நடந்து வருகிறது.

அந்தப் பழஞ்செடி வேம்பின் மூதாதை என்று கருதிவிடக் கூடாது. அவ்வினம் முழுதும் அழிந்துபட்டது. வெவ்வேறு குலங்கள் வெவ்வேறு காலங்களில் ஒரே வடிவத்தை எய்தியுள்ளன. இங்கே நம் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின்வழி உவமை பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இலையை இறகென்பது மெய்யால், அதாவது வடிவால், வந்த உவமை. வினையாலும் பயனாலும் இரண்டும் வேறு. ஒரு காக்கை இறகை எடுத்து அதன் இழைகளை விரலாற் பிரித்துப் பாருங்கள். பிறகு மெல்ல நீவுங்கள். மீண்டும் ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய கொக்கிகள் அவற்றைப் பிணைக்கின்றன. காற்றை விடாது உந்திப் பறப்பதற்காக இறகு சேர்கிறது. காற்றுக்கு வழிவிட்டு நிற்பதற்காக இலை பிரிகிறது. உவமை நம்மைப் பொருளின் வாயில்வரை அழைத்துச் செல்லும். உள்ளே புகுந்து காண்பது நம் கடமை.

அக்கடமையில் நான் இரண்டாம் முறையும் தவறினேன். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஒருநாள் ஓர் ஆசிரியைக்கு ஈடாக வகுப்பிற்குச் சென்றேன். மாணவி ஒருத்தி மேசைமேல் ஒரு கீழாநெல்லிச் செடியை வைத்திருந்தாள். அதன் பக்கக் கிளைகளில் சிறு இலைகள் இரு வரிசையாக அழகுற அமைந்திருந்தன. “இதோ, இறகுவடிவக் கூட்டிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு” என்றேன். மாணவி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“ஐயா, இலைக்கு இலை அடியில் காய் இருக்கிறதே” என்றாள்.

வகுப்பில் அமைதி நிலவியது. எனக்கு 1984 ஆம் ஆண்டின் அந்த முகம் நினைவிற்கு வந்தது. காய் இருந்தால் பூ இருந்திருக்க வேண்டும். பூ இருந்தால் மொட்டு இருந்திருக்க வேண்டும். மொட்டு இருந்தால் அது சிற்றிலை அன்று, தனியிலை. ஆகவே நான் ஓர் இலை என்று கருதியது உண்மையில் ஒரு கிளை. பெருநெல்லியிலும் அவ்வாறே. அதன் மெல்லிய சிறுகிளைகள் இலைகளோடு சேர்ந்து உதிர்வதால், பார்ப்போரை அது இன்னும் மிகுதியாக ஏமாற்றும்.

“நான் சொன்னது தவறு, அம்மா. நீ சொல்வதே சரி. முன்னே வந்து எல்லாருக்கும் விளக்கு” என்றேன். அவள் வந்து விளக்கினாள். வேப்பிலை ஏந்தி நின்ற சிறுவனுக்கு நான் செலுத்த வேண்டிய கடன் அதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கடன் பட்டவரிடமே கொடுத்தால்தான் கடன் தீரும். ஆனால் அக்கடன் இருப்பதை மறவாதிருந்தேன் என்னும் ஓர் ஆறுதல் உண்டு.

அன்பு மாணவர்களே! நாளைக் காலை பள்ளிக்குச் செல்லும் வழியில் ஒரு வேம்பின் அருகே சிறிது நில்லுங்கள். காம்பின் அடியில் மொட்டைத் தேடுங்கள். சிற்றிலையின் அடியிலும் தேடுங்கள். பின்பு கீழாநெல்லியிடம் செல்லுங்கள். நூலில் உள்ளது கண்ணிற் படுகிறதா என்று பாருங்கள். கண்ணிற் பட்டது நூலில் இல்லையெனில், அஞ்சாது, பணிவோடு, எழுந்து கேளுங்கள். இவ்வுரையைக் கேட்கும் இளம் ஆசிரியர் எவரேனும் இருப்பின் அவருக்கும் ஒரு சொல். உங்கள் வகுப்பில் ஒரு சிறுவன் ஒரு கொத்தை ஏந்தி வந்து, “இதுதான் ஓர் இலை” என்றால், முதலில் அதனை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள்.